தராசு அக்கா போட்ட எண்

எங்கள் ஆஸ்பத்திரியில் பதிவுக் கவுண்டர்கள் மொத்தம் ஐந்து. நான்காவதில் இருந்தவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மூன்றாவது கவுண்டரில் நான். பன்னிரண்டு வருடம் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்கு நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு, அதில் கையகலத்துக்கு ஓர் ஓட்டை. இங்கிருந்து பேனாவும் ஸ்டேப்ளரும் அந்தப் பக்கம் போகும், அங்கிருந்து வம்பு இந்தப் பக்கம் வரும்.

நான் யாரையும் லேசில் நம்புகிற ரகம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி சிரித்தால் எதற்குச் சிரிக்கிறாள் என்று யோசிப்பேன். பதிவுக் கவுண்டரில் பன்னிரண்டு வருடம் இருந்தால் யாருக்கும் இந்த வியாதி வரும். வருகிறவர்கள் வயதைக் குறைப்பார்கள், விலாசத்தை மாற்றுவார்கள், அண்ணன் அட்டையில் தம்பி வந்து வைத்தியம் பார்த்துக்கொள்வான். எல்லாவற்றையும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். அதில் தராசு அக்கா என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள்.

எங்கள் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, விலாசம், தொலைபேசி எண் என்று நான்கு வரி. ஐந்தாவது வரி இனம். அதில் நான்கு கட்டங்கள். ஒன்று என்றால் இங்கே பெருவாரியாக இருப்பவர்கள். பெரிய டாக்டர்கள், கம்பெனிக்காரர்கள், வீட்டு உரிமையாளர்கள் எல்லாம் அநேகமாக ஒன்று. இரண்டு என்றால் அவர்களுக்கு அடுத்தபடி. மூன்று என்றால் நாங்கள். இந்த மூன்றிலும் அடங்காத மிச்சப் பேரை நான்கில் கொட்டிவிடுவோம். இனத்தின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று ஒரு நினைப்பு, அதனால் எங்களுக்குள் எண்தான். "வாசல்ல ஒரு மூணு மயங்கி விழுந்துட்டாங்க, சக்கர நாற்காலி அனுப்புங்க" என்று உள்ளே போன் செய்வோம். மூன்று என்று சொன்னால் நாற்காலி கொஞ்சம் மெதுவாக வருகிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கடிகாரத்தைப் பார்த்து இரண்டு மாதம் நோட்டில் குறித்துக்கூட வைத்தேன். பிறகு நோட்டையே காணோம். அதுவும் தானாகத் தொலைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த ஐந்தாவது வரியை நாங்கள் யாரையும் கேட்டு நிரப்பியதில்லை. கேட்டால் வரிசை நின்றுவிடும். அதுவரை சாதுவாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ஆள் சட்டென்று நிமிர்ந்து, "அது எதுக்கு உங்களுக்கு" என்பார். காய்ச்சலுக்கு வந்தவருக்கு ரத்தக் கொதிப்பும் சேர்ந்துவிடும். அதனால் நாங்கள் வேலைக்குச் சேரும் முன்பே ஒரு வழக்கம் இருந்தது. மற்ற நான்கு வரியைக் கேட்டு எழுதும்போதே ஆளை ஒரு பார்வை பார்த்து, ஐந்தாவதை நாமே போட்டுவிட வேண்டும். படிவத்தின் அந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியாது. தங்களை எந்தக் கட்டத்தில் போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமலே பல பேர் பிறந்து, வைத்தியம் பார்த்து, போய்ச் சேர்ந்தும் இருக்கிறார்கள்.

இந்தப் பார்வை போடுவதில்தான் அவளுக்குத் தராசு என்ற பேர் வந்தது. புதிதாகச் சேர்ந்தவர்கள் அவளைச் சோதித்துப் பார்ப்பார்கள். முதுகைக் காட்டி நிற்கிற ஆளைக் காட்டி, "இது என்னக்கா" என்பார்கள். பிடரி மயிரையும் செருப்பையும் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்வாள். ஆள் திரும்பினால் சரியாக இருக்கும். சரியா தவறா என்று முடிவு செய்கிறவர்களும் நாங்கள்தான் என்பது அப்போது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

அவளுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறை அவளே சொன்னாள். அவள் மூன்று. கட்டிக்கொண்டது ஒன்றை. அவர் வேன் டிரைவர், நல்ல மனிதர், அவர் வீட்டில் யாருக்கும் சம்மதமில்லை. குழந்தை பிறந்த அன்று மாமியார் மட்டும் வந்தாராம். தொட்டில் துணியை விலக்கி, குழந்தையின் காது மடலை மடக்கிப் பார்த்து, விரல் நகத்தைத் திருப்பிப் பார்த்து, "எங்க சாயல் ஒண்ணுகூட இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். அந்தக் கோபத்தில், பிறப்புப் படிவம் வந்தபோது இவளே பேனாவை வாங்கி மூன்றில் குறி போட்டாள். புருஷன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தடுக்கவில்லை. மகனுக்கு ஐந்து வயதாகும்போது வேன் விபத்தில் அவர் போய்விட்டார். அவருடைய வீட்டார் அதன் பிறகு எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் வழக்கத்துக்கு வேட்டு வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு உத்தரவு. இனத்தை அவரவரே சொல்ல வேண்டும், அப்பா வழியோ அம்மா வழியோ அவர் இஷ்டம், எழுத்தர் கை வைக்கக் கூடாது. கூடவே வாசலில் ஒரு மெஷினை வைத்தார்கள். வருகிறவர்கள் தாங்களே திரையைத் தொட்டு நிரப்புவார்கள், அது ஒரு படமும் எடுத்துக்கொண்டு துண்டுச் சீட்டைத் துப்பும்.

தராசு அக்காவுக்கு அந்த மெஷினைக் கண்டாலே ஆகாது. கவுண்டரிலிருந்து கழுத்தை எட்டி எட்டிப் பார்ப்பாள். யார் எதைத் தொடுகிறார்கள் என்று ஒரு கண். பிறகு ஓட்டை வழியாக என்னிடம் பொருமுவாள். ஒருவன் இவளைவிட ஒரு படி கறுப்பு, கூசாமல் ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகிறானாம். ஒரே குடும்பம், அண்ணன் தொட்டது இரண்டு, தங்கை தொட்டது நான்காம். எல்லாம் ஏதோ ஆதாயத்துக்கு என்பது அவள் கட்சி. வீடு வாடகைக்குக் கிடைக்க, பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்க, ஏதோ ஒன்றுக்கு. பொய் சொல்கிறவர்களுக்கு வசதி செய்துகொடுக்க ஒரு மெஷின் என்பாள். நானும் ஆமாம் போட்டேன். எனக்குத்தான் எதைக் கண்டாலும் சந்தேகமாயிற்றே.

மெஷினோடு எங்கள் தலையில் இன்னொரு வேலையையும் கட்டினார்கள். ஒரு ஆள் தொட்ட எண்ணும் அவருடைய பழைய பதிவில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், சாயங்காலம் நாலு மணிக்கு அது ஒரு பட்டியலாக வரும். அதில் பெயர் இருக்காது. கோப்பு எண், தபால் தலை அளவுக்கு ஒரு படம், பழைய எண், புது எண், அவ்வளவுதான். ஒவ்வொருவருக்கும் போன் செய்து எது சரி என்று கேட்க வேண்டும் என்று விதி. தினமும் நாற்பது, ஐம்பது பேர். யார் கேட்பது? "எங்கிட்டத் தள்ளு" என்று தராசு அக்கா எல்லோருடைய பங்கையும் வாங்கிக்கொண்டாள். படத்தைப் பார்ப்பாள், எண்ணைத் தட்டுவாள், அடுத்த படம். டீ ஆறுவதற்குள் பட்டியல் காலி. பெரும்பாலும் பழைய எண்ணேதான் திரும்பப் போய் உட்காரும். விதிப்படி அது குற்றம். என் பங்கையும் நான் அவளிடம்தான் தள்ளினேன். ஒரு நாள்கூட நான் போனை எடுத்ததில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இனி மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் லிப்ட் மெக்கானிக். கெட்டிக்காரன். லிப்ட் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த ரோலர் தேய்ந்திருக்கிறது என்று சொல்வான். ஏழு வருடமாக ஒப்பந்த ஆளாகவே இருந்தான். நிரந்தர மேற்பார்வையாளர் வேலைக்குப் பதினொரு முறை விண்ணப்பம் போட்டும் ஒரு இடத்திலிருந்தும் நேர்முகத்துக்குக் கூப்பிடவில்லை. அவனிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் இரண்டு பேர் நிரந்தரமாகிவிட்டார்கள். இரண்டு பேரும் ஒன்று.

அவன் கல்யாணம் செய்துகொள்ள இருந்த பெண்ணும் ஒன்றுதான். மருந்துக் கடையில் வேலை. அம்மா அப்பா இல்லை, அண்ணன் மட்டும். அந்த அண்ணன், அதாவது நம் பையனின் வருங்கால மச்சான், ஒரு பெரிய லிப்ட் கம்பெனியில் இருந்தான். அங்கே ஒரு மேற்பார்வையாளர் இடம் காலியாக இருக்கிறது என்று சொன்னவனே அவன்தான். பன்னிரண்டாவது விண்ணப்பத்தை அங்கே போடும்போது பையன் இனம் என்ற இடத்தில் ஒன்று என்று போட்டான். அப்பா வழி, சட்டப்படி தவறே இல்லை. நாலே நாளில் கூப்பிட்டார்கள். நேர்முகம் முடிந்தது, வேலையும் உறுதி, உடம்பு பரிசோதனை மட்டும் பாக்கி.

அதற்கு அவனை அனுப்பிய இடம் எங்கள் ஆஸ்பத்திரி. ஒரு வியாழக்கிழமை காலை. தராசு அக்கா மாடியில் ஏதோ பயிற்சி வகுப்பில் இருந்தாள். அவன் மெஷினில் நிரப்பிக்கொண்டு நிற்பதை நான்தான் பார்த்தேன். கைகாட்டினேன். நேராக என்னிடம் வந்து, "அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தி. வேலை கையில கிடைச்சதும் நானே சொல்றேன்" என்றான். முழுக்கைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தான். எந்த எண்ணைத் தொட்டான் என்று நான் கேட்கவுமில்லை, அவன் சொல்லவுமில்லை. சொல்லாதே என்றால் நான் சொல்ல மாட்டேன். வம்பு வேறு, வாக்கு வேறு.

பன்னிரண்டு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் விண்ணப்பத்தில் ஒன்று என்று இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சான்றிதழில் மூன்று என்று இருக்கிறது, இரண்டில் எது பொய் என்று ஒரு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டும், அதுவரை வேலை நிறுத்திவைக்கப்படுகிறது.

அவன் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். முதலில் அவள் கடிதத்தைப் பற்றிப் பேசவே இல்லையாம். உங்கப்பன் குடும்பம் உன்னைத் திரும்பிப் பார்த்ததா, செத்த வீட்டுக்காவது உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்ததா, நான் கொடுத்தது உனக்குக் கேவலமாகப் போய்விட்டதா என்று பிடித்துக்கொண்டாள். அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று கேட்டான். எனக்கு என்ன வேணும்னு என்னைக்காவது கேட்டியா, நீ உன் மாமியாருக்குப் பதில் சொல்ல என் பேர்ல குறி போட்ட. இதை அவளே எனக்குச் சொன்னாள், அதுவும் ரொம்ப நாள் கழித்து.

அப்புறம்தான் இரண்டு பேரும் கடிதத்துக்கு வந்தார்கள். அவன் மெஷினில் தொட்டது ஒன்று. துப்பிய சீட்டிலும் ஒன்று என்றே இருந்தது, பத்திரமாக வைத்திருந்தான். அப்படியென்றால் நடுவில் எவனோ மாற்றியிருக்கிறான். ஒன்று என்று போட்டது யாருக்குத் தெரியும்? அவனுக்கு, அந்தப் பெண்ணுக்கு, மச்சானுக்கு. மூன்றே பேர். அவன் தன்னையே காட்டிக்கொடுக்க மாட்டான், அவள் செய்ய மாட்டாள். மிச்சம் மச்சான். வேலை உறுதியான அன்று மச்சான் வேடிக்கையாக, "எப்பலேர்ந்து நீ எங்க ஆளு ஆன" என்று கேட்டிருக்கிறான். அப்போது இவனும் சேர்ந்து சிரித்தான். இப்போது யோசித்தால் அது சிரிக்கிற கேள்வியாகத் தெரியவில்லை. தங்கையைக் கட்டிக்கொடுப்பது வேறு, தங்கள் கட்டத்துக்குள்ளேயே ஒருவன் வந்து உட்காருவது வேறு. மகன் அப்போதே போன் போட்டுக் கேட்டுவிட்டான். மச்சான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டான். குற்றமில்லாதவன் ஏன் வைக்க வேண்டும் என்று இவனுக்கு உறுதியாகிவிட்டது. மறுநாள் அந்தப் பெண் வந்து, எங்க அண்ணனை நம்பாதவர் என்னை எப்படி நம்புவீங்க என்று கேட்டுவிட்டு, பதிவு அலுவலகத்தில் குறித்திருந்த கல்யாணத் தேதியை ரத்து செய்யப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

தராசு அக்காவின் சந்தேகம் அதோடு நிற்கவில்லை. மச்சான் வெளியாள். ஆஸ்பத்திரிப் பதிவை மாற்ற உள்ளே ஒரு கை வேண்டும். அன்றைக்கு மகன் வந்தது உள்ளே யாருக்குத் தெரியும்? எனக்கு.

வெள்ளிக்கிழமை நான் வேலைக்கு வந்தபோது எங்கள் தடுப்பின் ஓட்டையை ஒரு கோப்பு அடைத்துக்கொண்டு நின்றது. தற்செயல் என்று நினைத்துத் தள்ளினேன். அந்தப் பக்கத்திலிருந்து திரும்ப வைத்தாள். மத்தியானம் சாப்பாட்டு அறையில் வேறு மேஜையில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஐந்தாவது கவுண்டர்காரி வந்து காதோடு சொன்ன பிறகுதான் விஷயமே தெரிந்தது. நான் மச்சானிடம் ஏதோ வாங்கிக்கொண்டு பையன் பதிவை மாற்றிவிட்டேனாம். அந்த மச்சானை நான் கண்ணால் பார்த்ததில்லை.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. உலகத்தையே சந்தேகப்படுகிற எனக்கு, என்னை ஒருத்தி சந்தேகப்படுவாள் என்று தோன்றவே இல்லை. அதுவும் என் சோற்றில் பாதியைச் சாப்பிட்டவள். நேரே போய் நாலு கேள்வி கேட்கலாம் என்று எழுந்தேன், திரும்ப உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்குப் போய் அழுதேன்.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் அறைக்குப் போனேன். எந்தப் பதிவை யார் திறந்து எதை மாற்றினாலும் கம்ப்யூட்டர் அவருடைய ஊழியர் எண்ணைக் குறித்துவைக்கும். அதைப் பார்க்கிற அதிகாரம் கண்காணிப்பாளருக்கு மட்டும்தான். தராசு அக்கா அவரிடம் போயிருக்கலாம், ஆனால் சொந்தக்காரர் பதிவை நோண்டக் கூடாது என்று கண்டிப்பான விதி இருந்ததால் பயந்திருக்கிறாள். எனக்கு என்ன பயம்? என் பேர் நாறுகிறது, மாற்றியது நான் இல்லை என்று காகிதத்தில் காட்டுங்கள் என்றேன். மகன் பெயரைச் சொன்னேன்.

அவர் தேடி எடுத்தார். ஒரே ஒரு வரி. வியாழக்கிழமை, மாலை நான்கு பன்னிரண்டு. பழைய எண் மூன்று, புது எண் ஒன்று, திருத்திய எண் மூன்று. பக்கத்தில் ஊழியர் எண். அது என்னுடையது இல்லை. நான்காவது கவுண்டருடையது.

"தராசுதானா? தினம் பண்றதுதானே" என்றார் அவர், ஏதோ மின்விசிறியைப் போடுவதைப் பற்றிச் சொல்வதுபோல. மகன் என்று அவருக்குத் தெரியாது. பையன் அப்பாவின் குடும்பப் பெயர் வைத்திருந்தான். எழுத்தர் பிழை என்று கம்பெனிக்கு அன்றே ஒரு கடிதம் அனுப்பிவிடுவதாகச் சொன்னார். நான் அந்த வரியை அச்செடுத்து வாங்கிக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், அவளை எல்லோர் முன்னாலும் வைத்து நாறடிக்க வேண்டும் என்றுதான் படியிறங்கினேன். பாதிப் படியில் நின்று காகிதத்தை இன்னொரு முறை படித்தேன். திறந்த நேரமும் மூடிய நேரமும் நொடிக் கணக்கில் போட்டிருந்தது. நான்கு பன்னிரண்டு ஏழு. நான்கு பன்னிரண்டு ஒன்பது. எண்ணிப் பார்த்தேன், இரண்டு நொடி. கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

கோப்பு அலமாரிகளுக்குப் பின்னால் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் காகிதத்தைக் கொடுத்தேன். முதலில் ஊழியர் எண்ணைப் பார்த்தாள். என்னைச் சந்தேகப்பட்டதற்கு நான் ஏதோ ஜோடித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு நேரத்தைப் பார்த்தாள்.

"பட்டியல்ல பேரு வராதே" என்றாள்.

"படம் வரும்ல அக்கா."

பட்டியலில் தன் மகன் வந்திருந்தால் தனக்குத் தெரியாமல் போகுமா என்றுதான் அவள் இத்தனை நாள் இருந்திருக்கிறாள். படம் அந்தக் காகிதத்தின் மூலையிலும் அச்சாகியிருந்தது. கண்ணுக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"கழுத்துப் பட்டன் போட்டிருக்கான். இவன் பட்டன் போட மாட்டான்" என்றாள். அப்புறம் அதையே இன்னொரு முறை சொன்னாள். மெஷின் எடுக்கிற படம் மோசம், வெளிச்சம் போதாது, நாற்பது படத்தில் ஒன்று, எல்லாம் நியாயமான காரணங்கள்தான். ஆனால் அந்த முகம் எந்த எண் என்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் ஓட்டையில் கோப்பு இல்லை. நானும் அதோடு விட்டுவிட்டேன்.

கண்காணிப்பாளரின் கடிதம் வேலை செய்தது. அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி, காது நகம் பார்க்காத குறையாக நாலு கேள்வி கேட்டு, கடைசியில் கம்பெனி அவனை எடுத்துக்கொண்டது. எழுத்தர் பிழை என்றுதான் கடிதத்தில் இருந்ததே தவிர, எந்த எழுத்தர் என்று இல்லை. அந்த எழுத்தரை மச்சான்தான் விலைக்கு வாங்கினான் என்று மகன் இன்னும் நம்பிக்கொண்டிருந்தான். வேலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டான், அதே கட்டிடத்தில் மச்சானைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறானாம்.

தராசு அக்கா அவனிடம் சொல்லவில்லை. ஒரு நாள் போயிற்று, மூன்று நாள் போயிற்று, ஒரு வாரமும் போயிற்று. நான் கேட்டால் பிடி கொடுக்காமல் பேசுவாள். வேலை கிடைத்துவிட்டது, இனி அவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்கள், சின்னஞ்சிறுசுகள் சண்டை என்பாள். எனக்குப் பழையபடி சந்தேகம் வந்தது. மூன்று பேருக்கு நடுவில் ஒரு கல்யாணம் செத்துக்கொண்டிருக்க, இவள் அதை வேடிக்கை பார்க்கிறாளா, இல்லை அந்தப் பெண் ஒன்று என்பதால் உள்ளுக்குள் நிம்மதியா? மாமியார் செய்ததற்கு இத்தனை வருடம் கழித்துக் கணக்குத் தீர்க்கிறாளா? இதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளுக்கே பதில் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

ஒரு புதன்கிழமை அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். நோயாளிகள் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் நான்காவது கவுண்டர் முன்னால் நின்றாள். மருந்துக் கடைச் சீருடை. கண்கள் வீங்கியிருந்தன. சத்தம் போடாமல் பேசினாள். "அத்தை, நீங்க இங்கதான வேலை பாக்கறீங்க. யாரு மாத்துனாங்கன்னு விசாரிச்சு அவர்கிட்ட சொல்லுங்க. எங்க அண்ணன்னு வந்தா நான் எதுவும் பேச மாட்டேன். வேற யாராவதா இருந்தா அதையாவது சொல்லுங்க. ரெண்டு பேருமே எனக்கு வேணும்."

தராசு அக்காவால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. வேலைக்கு வந்த நாளிலிருந்து எதிரே நிற்கிற ஒருத்தரின் முகத்தைப் பார்க்காமல் அவள் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். "விசாரிக்கிறேம்மா" என்றாள். பெண் போனதும் ஓட்டை வழியாக, "சாயங்காலம் என்கூட வீட்டுக்கு வா" என்றாள். தனியாகப் போனால் வழியிலேயே மனசு மாறிவிடும் என்று அவளுக்கே அவள் மேல் நம்பிக்கையில்லை.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. மகன் வேலையிலிருந்து வந்து, வாசலில் குந்தி, காலிலிருந்து கழற்றிய சப்பாத்தின் அடியில் ஒட்டியிருந்த கிரீஸைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்துப் போட்டான். தராசு அக்கா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நின்றபடியே, உன் மச்சான் செய்யவில்லை, யாரும் யாரிடமும் எதுவும் வாங்கவில்லை, சாயங்காலப் பட்டியலை முடிக்கிறபோது நான்தான் மூன்று என்று தட்டினேன் என்று சொன்னாள். சொன்னதும்தான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

அவன் கத்தியை மடக்கினான். வேண்டுமென்று செய்தாயா என்றுதான் கேட்பான் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பட்டியல்ல என் பேரு இருந்துச்சா?"

"பேரு வராதுடா."

"வேற என்ன வரும்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"படம் வரும்" என்றாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்ளோ நேரம்?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். நானும் காட்டிக்கொடுத்திருக்க மாட்டேன். "ரெண்டு நொடி" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். திட்டுவான், கத்துவான், குறைந்தது எழுந்து வெளியே போவான் என்று எதிர்பார்த்தேன். எதுவும் செய்யவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து மச்சானுக்குப் போட்டான். அந்தப் பக்கம் எடுக்க நேரமாயிற்று. எடுத்ததும் முதல் வார்த்தையே மன்னிப்பு. என் மேல்தான் தப்பு, ஆத்திரத்தில் பேசிவிட்டேன், தங்கையிடம் கொடுங்கள், அவளிடமும் கேட்டுக்கொள்கிறேன் என்றான். மச்சான் ஏதோ கேட்டிருக்க வேண்டும், யார் மாற்றியது என்று.

மகன் அம்மாவைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

"இல்ல மச்சான், வேணும்னு யாரும் பண்ணல. ஆஸ்பத்திரில வேலை பாக்கற யாரோ ஒருத்தங்க தெரியாமப் போட்டுட்டாங்க" என்றான். அப்புறம், குரலை ஏற்றாமல் இறக்காமல், "என்னை யாருன்னே தெரியாதவங்க" என்றான்.

தராசு அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.